பச்சைப் பெட்ரோல்

செகந்திராபாத்தில் கார் வைத்திருந்தவர்கள் ஆரோக்கியசாமி மேஸ்திரியைக் ‘காது மேஸ்திரி’ என்றுதான் சொல்வார்கள். சைக்கிள்கூட வைத்திருக்காத நாங்களும் அப்படித்தான் சொன்னோம். மெட்டுகூடா ரயில்வே காலனியில் ஆரோக்கியசாமி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். காது மேஸ்திரி வீடு என்று கேட்டால் முட்டைக்காரன்கூடக் கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவான். அவருக்கு அடுத்த வீடு என்னுடையது. லாலாகுடா ஒர்க்ஷாப்பில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா, அவர் பாய்லர் ஷாப் மேஸ்திரி. எனக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், அவருக்குத் திருச்சி பொன்மலை.

வாரத்தில் ஆறு நாள் ரயில்வேக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தாரானால் வெள்ளை வேட்டியை ஆணியில் மாட்டிவிட்டுக் காக்கி டவுசரைப் போட்டுக்கொள்வார். வாசலில் ஏதாவது ஒரு பழைய கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். ஹில்மன், ஆஸ்டின், ஸ்டூடிபேக்கர் என்று நவாபுகளும் ஜாகீர்தார்களும் வைத்திருந்த வண்டிகள். அவர்கள் சொத்து கரைந்தபிறகு டாக்டர், வக்கீல், ரிட்டயர் ஆன ஆபீசர் என்று கை மாறி வந்தவை. அவற்றுக்கு பார்ட்ஸும் கிடைக்காது, பழுது பார்க்கப் புத்தகமும் கிடைக்காது. மேஸ்திரியின் காது ஒன்றுதான் இருந்தது.

கார் சங்கதி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்ததில் புரிந்துகொண்டது இவ்வளவுதான். இஞ்சினுக்குள் பெட்ரோல் பற்றிக்கொள்ள ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் வண்டிக்கு இழுவை கூடும். அளவு மீறித் தள்ளினால் உள்ளே தட்டும். வெண்கலச் செம்பில் நாலு மொச்சைக் கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இஞ்சின் பாழ். அதனால் மேஸ்திரி வண்டியை அட்டகுட்டா ஏற்றத்தில் டாப் கியரில் ஏற்றுவார். தட்டவில்லையென்றால் இறங்கி, அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நெல்லளவு திருப்பிவிட்டு மறுபடி ஏற்றுவார். தட்டுகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு நெல் பின்னால் வந்து முடுக்கிவிடுவார். அதற்குப்பிறகு அந்த வண்டி ஒரு வருஷத்துக்கு யாரிடமும் வாய் திறக்காது.

ட்ரையல் போகும்போது மேஸ்திரியின் சம்சாரம் தங்கம் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். கையில் ஒரு காய்கறிப் பை. மார்க்கெட்டுக்குப் போகிறாளாம், வழியில் இறங்கிக்கொள்வாளாம். ஆனால் இறங்கினதே கிடையாது. “மேஸ்திரிக்குப் பெண்சாதியை விட்டு ஒரு பர்லாங் போக முடியாது. ஐம்பத்தேழு வயசில் என்ன ஆசை பார்” என்று காலனியே கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன். அந்தப் பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நிஜம் எனக்குத் தெரியவந்தது ஒரு மண் லாரியால். அன்று மேஸ்திரி ஒரு ஆஸ்டின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். லாரி ரிவர்ஸில் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. க்ளீனர் கதவைத் தட்டி, விலகச் சொல்லி “ஹட்டோ, ஹட்டோ” என்று கத்துகிறான், நான் “மேஸ்திரி, மேஸ்திரி” என்று கத்துகிறேன், மனுஷர் அசையவே இல்லை. ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். லாரி ஆஸ்டினுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

தங்கம் என்னை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் செம்பை வாங்கி வைத்தாள்.

“தம்பி, அவருக்குக் காது கேக்காது” என்றாள் அப்புறம். “பாய்லர் ஷாப்பு சுத்தியல் தின்னுருச்சு. நீங்க எதுக்கால நின்னு பேசுனா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. முதுகுப் பக்கம் பேசுனா ஒண்ணும் கிடையாது.”

“இன்னாக்கா சொல்றீங்க? அப்ப வண்டி சத்தம்?”

“நான் கேப்பேன். அவரு சீட்டு மேல கையை வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்ல? தட்டுனா தோளுல ஒரு தட்டு. தட்டலைன்னா ரெண்டு தட்டு. மத்ததெல்லாம் அவரு கைதான். அந்தக் கை யாருக்கு வரும்?”

“எத்தனை வருஷமா?”

“எங்க ரெண்டாவது பொண்ணுக்குச் சர்ச்சுல முதல் நன்மை குடுத்த வருசத்துலேருந்து. பதினாறு இருக்கும். நீங்க பாத்தது உங்களோட இருக்கட்டும் தம்பி.”

என்னோடுதான் இருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. பின்னால் இருந்து கூப்பிட்டால் மேஸ்திரி திரும்பாதது ஏன் என்று எனக்கு மட்டும் புரிந்தது. ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. ‘மேஸ்திரி இஞ்சினைக் கேட்டுக்கிட்டு இருக்கார், தொந்தரவு பண்ணாதே’ என்பார்கள். ஊர் வாய்க்கு மூடி இல்லை என்பார்கள். இவர் விஷயத்தில் அந்த வாய் நல்லதையே பேசிக்கொண்டிருந்தது.

எழுபத்தாறாம் வருஷம் ஜூலையில் மேஸ்திரிக்கு ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று, ஒருத்தி காஜிப்பேட்டையிலும் ஒருத்தி குண்டக்கல்லிலும் இருந்தார்கள். மருமகன்கள் வீட்டில் போய் உட்கார மேஸ்திரிக்கு மனசில்லை. பொன்மலையில் அவருக்கென்று ஒரு கூரையும் இல்லை. அந்த நேரத்தில்தான் ராணிகஞ்ச் வேணுகோபால் வந்து கேட்டார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம், பெரிய கேரேஜ்.

“மேஸ்திரி, ரிட்டயர் ஆனப்புறம் நேரா நம்ம கிட்ட வந்துடுங்க. வேற எங்கயும் நக்கோ, போக வேணாம். கேரேஜ் பின்னாடி ரெண்டு ரூம் வீடு காலியாத்தான் இருக்கு, நீங்களும் அம்மாவும் இருந்துக்கலாம். உங்க காது நம்ம கேரேஜுல இருந்தா போதும்” என்றார்.

தங்கம் அந்த வீட்டை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குழாய் உள்ளேயே இருக்கிறதாம். அடுக்களையில் மேற்குப் பார்த்து ஜன்னலாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பது வருஷம் தெருக்குழாயில் வரிசை நின்ற பெண்பிள்ளைக்கு அது என்ன என்று நமக்குத் தெரியாது.

ஏப்ரலில் ஜெயகரன் ஒரு ஜாகுவாரைக் கொண்டுவந்தார். பாலாநகரில் ஒரு சர்க்கார் கம்பெனியில் பெரிய இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். பஞ்சாரா ஹில்ஸில் ஒரு நவாப் வீட்டிலிருந்து வாங்கின வண்டி. கறுப்பு உடம்பு, முன்னால் பாயப்போகிற சிறுத்தைப் பொம்மை. அது எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்கள்.

“மேஸ்திரி, இந்தக் கழுதைக்கு என்னமோ சீக்கு. ஏத்தத்துல தட்டுது. தட்டாம வச்சா இழுக்க மாட்டேங்கு” என்றார் ஜெயகரன். “வேணுகோபால்ட்ட கேட்டேன். காது மேஸ்திரிட்ட காட்டுங்க, அவரு சரி பண்ணிட்டா அதுக்கு மேல பேச்சே இல்லன்னாரு. உங்களைத்தான் நம்புதேன்.”

வேணுகோபால் பேரைக் கேட்டதும், அதாவது பார்த்ததும், மேஸ்திரி நிமிர்ந்துகொண்டார்.

எனக்கு ஜாகுவாரில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்று ஆசை. கேட்டேன், ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் மேஸ்திரியும் ஜெயகரனும். பின்னால் காய்கறிப் பையோடு தங்கமும் நானும். தோல் சீட்டு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அட்டகுட்டா ஏற்றத்தில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள். சீட்டின் மேல் வைத்த கை மேஸ்திரியின் தோளை இரண்டு தரம் தட்டியது.

மேஸ்திரி இறங்கினார், ஒரு நெல் திருப்பினார், மறுபடி ஏற்றினார். இரண்டு தட்டு. மறுபடி இறங்கினார். இரண்டு தட்டு. மற்ற வண்டிகள் மூன்றாவது தடவையில் வாயைத் திறந்துவிடும். இது ஐந்தாவதிலும் திறக்கவில்லை, ஆறாவதிலும் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏற்றம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஏழாவது தடவை நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது ஜெயகரன் கையைத் தட்டிவிட்டார்.

“என்ன கை மேஸ்திரி இது! நவாப் ஓட்டும்போதுகூட இப்படிப் போயிருக்காது வே!”

தங்கத்தின் கை மட்டும் சீட்டிலேயே இருந்தது. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எதையோ மோந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் அவள் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எதிரில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் என் வாசலில் இருந்தேன்.

“என்னாங்க, இங்க பாருங்க. அந்த வண்டி எனக்குப் பிடிக்கலை” என்றாள்.

“ஜாகுவார் பிடிக்கலையா? உனக்கு எதுதான் பிடிக்கும், ஏரோப்ளேனா?”

“சிரிக்காதீங்க. அது தட்டவே இல்லை. தட்டாத இஞ்சின் எங்கங்க இருக்கு? எவ்வளவு திருப்புனாலும் வாயைத் தொறக்கலைன்னா என்னமோ இருக்கு. வாசனையும் வேற. நம்ம பங்க் பெட்ரோல் மூக்கைக் குத்தும். இது மெதுவா, தித்திப்பா வருது.”

“சீமை வண்டி. நவாபு வீட்டுல நெய்யும் பாலும் குடிச்சு வளந்தது. நம்ம ஆஸ்டினும் அதும் ஒண்ணா?”

“ரெண்டு நெல்லு பின்னாடி வச்சுக் குடுங்க. நம்ம மனசுக்கு நிம்மதியா இருக்கும்.”

“வச்சா இழுக்காது. அந்த ஆளு நேரா வேணுகோபால்கிட்டத்தான் போய் ஓட்டிக் காட்டுவாரு. ரெண்டு ரூம் வீடு வேணுமா வேணாமா உனக்கு?”

தங்கம் அடுத்த நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். “மேஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா” என்று நான் வேறு ஒரு கட்டை போட்டேன். தட்டும் சத்தத்தை வைத்தே தொழில் செய்கிறவருக்கு, தட்டாமலே போனால் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்விட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும். அன்றைக்கு அவர் நிறுத்தியது காது சொன்ன இடத்தில் இல்லை, ஆசை சொன்ன இடத்தில்.

மே மாசம் இரண்டாவது வாரம். வெயில் நூற்றுப் பத்து. மத்தியானம் ஒர்க்ஷாப்பில் இரும்பைத் தொட்டால் கை பொத்துப்போகும். ஜெயகரன் சம்சாரம் ஐவியோடும் மச்சினர் குடும்பத்தோடும் அதுவரை ஷெட்டிலேயே நின்ற ஜாகுவாரில் பெஜவாடாவுக்குக் கல்யாணத்துக்குப் போனார். போகிற வழியில் சூர்யாபேட்டில் பெட்ரோல் போட்டார்கள். அங்கிருந்து பத்து மைலில் இஞ்சின் கடகடவென்று தட்ட ஆரம்பித்திருக்கிறது. ஐவி சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். ‘காது மேஸ்திரி வச்ச வண்டி, அதுல குத்தம் வராது’ என்று ஜெயகரன் அழுத்திக்கொண்டு போயிருக்கிறார். முப்பதாவது மைலில் ஒரு வெடி. அதோடு சரி. ஜாகுவார் ஒரு நெல் லாரியின் மேல் ஏறி ராணிகஞ்சுக்குத் திரும்பி வந்தது.

அடுத்த நாளே ஸ்டேஷன் எதிரில் இருந்த ஈரானி ஹோட்டலில் பேச்சு வந்துவிட்டது. “காது மேஸ்திரிக்குக் காது அடைச்சுப்போச்சாம்” என்று ஒருவன் சிரித்தான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வரச்சொல்லி வேணுகோபால் ஆள் அனுப்பினார். மேஸ்திரி என்னையும் வரச்சொன்னார். தங்கத்தை வேண்டாம் என்றார். அவள் பேசாமல் கொடியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டாள்.

கேரேஜில் ஜாகுவாரின் இஞ்சினைத் திறந்து போட்டிருந்தார்கள். ஒரு பிஸ்டனின் தலையில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகாக உருகி வழிந்திருந்தது. ப்ளக்குகளில் சாம்பல் நிறத்தில் மணி மணியாக என்னவோ ஒட்டியிருந்தது. மேஸ்திரி ஒரு ப்ளக்கை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வைத்தார். தங்கம் ஆபீஸ் அறை வாசலில் பெஞ்சில் ஐவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாருங்க வேணுகோபால், டைமிங் எங்க இருக்குன்னு பாருங்க” என்று ஜெயகரன் குதித்தார். “இதுக்கு பிஸ்டன் இந்தியாவுலயே கிடையாது. பம்பாய் சோர் பஜார்ல நாயா அலையணும். காதாம் காது! நீரு என்னத்தக் கேட்டீரு அன்னைக்கு?”

மேஸ்திரி அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அன்னிக்கு வண்டி தட்டலைங்க ஐயா” என்றார்.

“தட்டலையா? சூர்யாபேட்டுலேருந்து கொட்டு மேளம் அடிச்சுட்டுல்லா வந்துது! சின்னப் பிள்ளைக்குக் கேக்கும், உமக்குக் கேக்கலையா?”

வேணுகோபால் நல்ல மனுஷர். அவருக்கு இரண்டு பக்கமும் சங்கடம். “சார், சார், பொறுங்க. எதுக்கு இவ்வளவு கோபம்?” என்றார். “மேஸ்திரி, நானும் இருபது வருஷமா உங்க காதைப் பத்திக் கேட்டுட்டே இருக்கேன், ஒருநாள்கூடக் கண்ணால பாத்ததில்லை. ஒரு சின்ன டெஸ்ட். அங்க ஒரு டாக்டரோட லாண்ட்மாஸ்டர் கார் நிக்குது. சின்னசாமி டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாத் திருப்பித் திருப்பி ரேஸ் குடுப்பான். நீங்க அந்தச் சுவரைப் பாத்து நில்லுங்க. தட்டுற நிமிஷம் கையைத் தூக்குங்க. சரியாச் சொல்லிட்டா தப்பு உங்க மேல இல்லன்னு சாரே ஒத்துக்குவார். ஹவ்வா சார், சரிதானே?”

“ஹவ்” என்றார் ஜெயகரன்.

மேஸ்திரி சுவரைப் பார்த்து நின்றார். கை தானாக அதிர்வைத் தேடி, பக்கத்தில் நின்ற லாண்ட்மாஸ்டரின் மட்கார்டுக்குப் போனது. “கையை எடுத்துடுங்க மேஸ்திரி. காது மட்டும்” என்று வேணுகோபால் வந்து அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

சின்னசாமி அந்த கேரேஜின் பழைய மெக்கானிக். ரேஸ் கொடுத்தான். இஞ்சின் உறுமியது. நான் போய் அவர் பக்கத்தில் நின்று இருமிவிடலாமா என்று யோசித்தேன். எப்போது இருமுவது? எனக்கும்தான் அந்தச் சத்தத்தை இஞ்சின் உறுமலிலிருந்து பிரித்துக் கேட்கத் தெரியாதே. பெஞ்சைப் பார்த்தேன். தங்கம் எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். சுவரைப் பார்க்கிற மனுஷனுக்கு அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னல் வைத்த அடுக்களை அந்த நிமிஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்பத் தூரத்தில் தெரிந்தது.

மேஸ்திரி திரும்பினார். கையைத் தூக்கவில்லை. சின்னசாமியைப் பார்த்து நிறுத்து என்று சைகை செய்தார். இஞ்சின் நின்றது.

“வேணு சார், எனக்குக் காது கேக்காது” என்றார்.

வேணுகோபால் சின்னசாமியைப் பார்த்தார், சின்னசாமி அவரைப் பார்த்தான்.

“பதினாறு வருசமாச்சு. நீங்க இப்ப பேசுனதும் வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன். ஊரு சொல்ற காது என் காது இல்ல. அதோ நிக்கிறாளே, அவ காது. அவதான் கேப்பா. நான் திருப்புவேன். டெஸ்ட் வைக்கிறதுன்னா அவளுக்கு வைங்க. அவ அன்னிக்கே சொன்னா, இந்த வண்டி சரியில்ல, ரெண்டு நெல்லு பின்னாடி வைங்கன்னு. நான்தான் பேச்சை எடுத்துக்கலை. உங்க வீட்டுக்கு ஆசைப்பட்டுட்டேன்.”

நான் எத்தனையோ சூரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒர்க்ஷாப்பில் ஸ்ட்ரைக்கில் போலீஸ் தடிக்கு நெஞ்சைக் காட்டினவனைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கிரீஸ் தரையில், இருபது வருஷப் பேரையும் வரப்போகிற வீட்டையும் ஒரே மூச்சில் கீழே போட்டுவிட்டு நின்றாரே அந்த மனுஷர், அதற்கு ஈடாக ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

தங்கம் நடந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தானே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“வைங்க அண்ணே” என்றாள் சின்னசாமியிடம்.

அவன் முதலாளியைப் பார்த்தான். வேணுகோபால் தலையை ஆட்டினார். ரேஸ் கொடுத்தான், திருப்பினான், ரேஸ் கொடுத்தான். தங்கத்தின் கை சட்டென்று மேலே போனது. சின்னசாமி குனிந்து பார்த்துவிட்டு, “கரெக்ட்டுங்க” என்றான். பழையபடி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் சரியாகக் கை போனது. மூன்றாவது தடவை அவன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, திருப்பாமலே, ஒரு ஸ்பேனரை டின்னின் மேல் கடகடவென்று தட்டினான்.

“இஞ்சின் இல்ல அண்ணே. உங்க கையில இருக்குறது பதினாலாம் நம்பரா, பன்னெண்டா?” என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

கேரேஜில் இருந்த பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். சின்னசாமி ஸ்பேனரைப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு பையில் போட்டுக்கொண்டான்.

தங்கம் சிரிக்கவில்லை. திரும்பி ஜெயகரன் எதிரில் வந்து நின்றாள்.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு ஏழு தடவை ஏத்துனோம். ஒரு தடவைகூட வண்டி தட்டலை. நீங்களும் முன்னாடிதானே ஒக்காந்திருந்தீங்க? அதுக்கு முந்தி தட்டுதுன்னு சொல்லித்தான் கொண்டாந்தீங்க. சூர்யாபேட்டுக்கு அப்புறமும் தட்டியிருக்கு. எங்ககிட்ட வந்த அன்னிக்கு மட்டும் ஏன் தட்டலை? பெட்ரோல் வாசனையும் வேறயா இருந்துச்சு. அன்னிக்கு டேங்க்குல என்னங்கய்யா இருந்துச்சு?”

ஜெயகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சொல்லிருங்க” என்றாள் ஐவி பெஞ்சிலிருந்து. “நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அந்த ரெண்டு டின்னும் நம்ம ஷெட்லதான் கிடக்கு. அடியில இன்னும் பச்சையாத் தெரியுது.”

“பச்சையா?” என்றார் வேணுகோபால். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “அரே சார்! ஏரோப்ளேன் பெட்ரோலா?”

“ஏரோட்ரோம்ல இருக்குற ஒரு சிநேகிதன் குடுத்தான்” என்றார் ஜெயகரன். குரல் இறங்கிப்போயிருந்தது. “வெளிநாட்டுல ரேஸ் வண்டிக்கெல்லாம் அதைத்தான் ஊத்துவானுவன்னு புஸ்தகத்துல படிச்சேன். பழைய வண்டிக்கு அமிர்தம்னு நெனச்சேன். நல்ல மேஸ்திரிட்ட காட்டும்போது நல்ல எண்ணெய் கிடக்கட்டுமேன்னு அதுக்கு முந்தின நாள்தான் ஊத்துனேன். வெளிய தெரிஞ்சா அவனுக்கு வேலைக்குச் சேதம், அதான் சொல்லலை.”

டாக்டரிடம் போவதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, காய்ச்சல் மாத்திரையும் கொடுத்துக் கூட்டிப்போவார்களே, அந்தக் கதை. ஆகாசத்தில் பறக்கிற இஞ்சினுக்குச் செய்த பெட்ரோலாம் அது. எத்தனை முன்னால் தள்ளினாலும் தாங்குமாம், தட்டாதாம். அதை வைத்து முடுக்கின இஞ்சினில் பங்க் பெட்ரோலை ஊற்றி, ஏழு பேரை ஏற்றி, மே மாச வெயிலில் விரட்டினால் உள்ளே வெடிதான் என்று வேணுகோபால் எனக்கு விளக்கினார். ப்ளக்கில் ஒட்டியிருந்த சாம்பல் மணிகளும் அந்தப் பெட்ரோலின் ஈயம்தானாம். ஆளுக்கு ஒரு விஷயத்தை மறைத்திருந்தார்கள். அவர் எண்ணெயை, இவர் காதை. நடுவில் வண்டி எரிந்துபோனது.

ஜெயகரன் மேஸ்திரிக்கு எதிரே போய், அவருக்குத் தெரிகிற மாதிரி முகத்தைக் காட்டி நின்றுகொண்டு, “தப்பு என் மேலதான் மேஸ்திரி. மன்னிச்சிருங்க” என்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பாதி உங்களுது ஐயா” என்றார் மேஸ்திரி. “பாதி என்னுது. தட்டவே இல்லைன்னா, எனக்குத் தெரியலைன்னு நான் அங்கேயே நிறுத்தியிருக்கணும். பிஸ்டனை மட்டும் கொண்டாந்து குடுங்க. நானே போட்டுத் தர்றேன். கூலி வேணாம்.” பிறகு வேணுகோபாலுக்கு ஒரு கும்பிடு போட்டார். “உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன் சார். வர்றேன்.” மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்துவிட்டார்.

“மேஸ்திரி! அரே மேஸ்திரி!” என்று வேணுகோபால் பின்னாலேயே கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு ஞாபகம் வந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். தங்கத்திடம் திரும்பினார்.

“அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க. ஜூலைல வீட்டுக்கு வெள்ளை அடிச்சு வைக்கிறேன். காது அவருக்கு இருந்தா என்ன, உங்களுக்கு இருந்தா என்ன, வண்டிக்குத் தெரியவா போகுது? எங்க தாத்தா நாள்லேருந்து இந்த கேரேஜுல எத்தனையோ மேஸ்திரிங்க வந்தாச்சு. எனக்குத் தெரியாதுன்னு வாயைத் தொறந்து சொன்னவர் இவர் ஒருத்தர்தான். இவரை விட்டுட்டு நான் வேற யாரைத் தேடுறது? ரெண்டு பேரும் வாங்க. உங்களுக்கும் சேத்துத்தான் சம்பளம்.”

தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படியே திரும்பி வாசலுக்கு ஓடினாள், பின்னாலேயே நான். ராணிகஞ்ச் ரோடு சனிக்கிழமைச் சந்தடியில் இருந்தது. இரும்புப் பட்டை ஏற்றின தள்ளுவண்டிகள், சைக்கிள் ரிக்ஷாக்கள், பழ வண்டிக்காரர்கள். மேஸ்திரி ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பை நோக்கித் தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தார்.

தங்கம் ரோட்டு ஓரத்தில் நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, அடி வயிற்றிலிருந்து கத்தினாள்.

“என்னாங்க! வீடு கெடச்சிருச்சுங்க!”

அந்தக் குரல் அவளிடம் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. தள்ளுவண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். எதிர் ஹோட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ட்ராபிக் போலீஸ்காரர் திரும்பினார். மேஸ்திரி மட்டும் போய்க்கொண்டே இருந்தார்.

“இருங்கக்கா, நான் போய்த் தோளைத் தொட்டுக் கூட்டியாறேன்” என்று நான் ரோட்டில் இறங்கினேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, முகம் சிரிக்கிறது.

“அவசரப்படாதீங்க தம்பி. பஸ்ஸு வர இன்னும் நேரம் இருக்கு. யாருக்கும் தெரிஞ்சிரக் கூடாதுன்னு பதினாறு வருசமா அவரை ஒருநாள்கூட நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. இருங்க, இன்னொரு தடவை கத்திக்கிறேன்.”